உண்டியலும் வெண்திரையும்

போர் ஓய்ந்த நாடுகளிலே ஒரு புதிய கலை வடிவம் தோன்றியிருக்கிறது. அதற்கு இலக்கண நூல் எவரும் எழுதவில்லை. ஆயினும் அதன் இலக்கணம் நம் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. பத்து நிமிடப் படம். முதற் காட்சியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு கால், பின்னணியிலே புல்லாங்குழல். அடுத்து, குடிசை வாசலில் கன்னத்தில் கை வைத்துக் குந்தியிருக்கும் ஒரு தாய். பின்னர் வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் பொய்க்காலைப் பொருத்துகிறார். புல்லாங்குழல் ஓய்ந்து வயலின்கள் எழுகின்றன. காலிழந்தவர் நான்கடி நடக்கிறார், சிரிக்கிறார். அந்தச் சிரிப்போடு படம் உறைந்துபோகிறது. திரையில் வங்கிக் கணக்கின் இலக்கம் தோன்றுகிறது. விளக்குகள் எரியும்போது உண்டியல் முதல் வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இப்படங்களை நாம் குறை கூறப் புகுந்தால், "அப்படியானால் அந்த மனிதனுக்குக் காலைக் கொடுப்பது யார்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதைத் தட்டிக்கழித்துவிட்டு இக்கட்டுரையை எழுதி முடிப்பது நேர்மையாகாது. ஆனால் அக்கேள்விக்குப் போகுமுன் நம் வழக்கு இன்னதென்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்படங்கள் பணம் சேர்ப்பதை நாம் குற்றமாகக் கருதவில்லை. காலை இழந்தவனைக் காட்டும் அந்தக் கமெரா, காலைப் பறித்தவனையும் பறிகொடுத்தவனுக்குரிய உரிமையையும் எப்போதும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. அதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

வத்தேகமவில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் வியக்கலாம். 1983 இலிருந்து 2009 வரை நடந்த யுத்தத்தின் முன்னரங்கு எதுவும் இம்மலைகளில் இருந்ததில்லை என்பது உண்மையே. ஆனால் 1977 இலும் 1983 இலும் கலவரத்துக்கு அஞ்சி மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எத்தனையென்று லயங்களிலே முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேயிலையை விட்டுப்போனவர்கள் வன்னியிலே காடு வெட்டிக் குடியேறினர். பிறகு அதே வன்னியில் ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் நடுவே அகப்பட்டனர். மறுபுறத்தில், இதே கண்டி மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து வேலையில்லா இளைஞர்கள் படையிலே சேர்ந்து, அதே மிதிவெடிகளில் கால் வைத்தனர். வெடியைப் புதைத்தவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். மிதித்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளாக இருந்தார்கள். அண்மையிலுள்ள திகணவிலே புனர்வாழ்வு வைத்தியசாலை ஒன்று உண்டு; அங்கு போய்வருபவர்கள் நம் பஸ்ஸிலேயே ஏறி இறங்குகிறார்கள். ஆகவே இது வடக்கின் பிரச்சினை, நமக்கு அனுதாபம் மட்டுமே உண்டு என்று கூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நமது பாடசாலை மண்டபத்தில் ஒரு சேவைச் சங்கத்தார் இத்தகைய படமொன்றைக் காட்டினர். சங்கத்தின் பெயர் வேண்டாம்; நல்ல மனிதர்கள், தேநீர்ச் செலவைக்கூடத் தம் பையிலிருந்து கொடுத்தவர்கள். படத்திலே தோன்றியவரையும் அழைத்து வந்திருந்தனர். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பத்தின் பிள்ளை அவர். ஒரு கால் முழுமையாக இல்லை. மற்றக் காலிலும் பழுது. மண்டபத்துக்கு ஐந்து படிகள். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றினர். சபையினர் கைதட்டினர். கைதட்டல் மாணவர்களுக்கா, அவருக்கா என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. படம் ஓடியது. திரையிலே அவர் நடந்தார், சிரித்தார், உறைந்தார். விளக்கு எரிந்ததும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "படத்தில் நடக்கிறாரே, இப்போது ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டுவிட்டாள். பெரியவர்கள் எவரும் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "அந்தக் கால் இப்ப பொருந்தாது தங்கச்சி. என்ர கால் மெலிஞ்சு போச்சு. போட்டா கழண்டு விழும். படம் எடுத்து மூண்டு வருசமாச்சு."

மூன்று வருடம். இதுதான் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்காத கதை. பொய்க்கால் என்பது ஒரு முறை கொடுத்து, ஒரு முறை படம்பிடித்து முடிக்கும் பொருளன்று. வெட்டப்பட்ட காலின் தசை காலப்போக்கில் சுருங்கும், அதை ஏந்தும் குழி பெரிதாகும், தோல் புண்ணாகும். பாதத்து இறப்பர் தேயும். வளர்ந்தவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கோ ஓராண்டுகூடத் தாங்காது. பத்து வயதில் காலிழந்த ஒரு பிள்ளை தன் ஆயுளில் இருபதுக்கு மேற்பட்ட கால்களை மாற்ற வேண்டி வரும். இருபது முறையும் அப்பிள்ளை கமெராவின் முன் நடந்து, சிரித்துக் காட்ட வேண்டுமா? இரண்டாவது காலுக்குப் படம் எடுக்க வருபவர் யார்? முதற் காலில் இருக்கும் கதை இரண்டாம் காலில் இல்லை. அதனால் அதற்கு உண்டியலும் இல்லை.

காலின் கதையைச் சொல்லவே வேண்டுமென்றால் எத்துணை அரிய கதை அது! 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரிலே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் மருத்துவர் சேத்தியும் சேர்ந்து ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். மேல்நாட்டுப் பொய்ப்பாதம் சப்பாத்துக்குள் இருக்கவேண்டிய பாதம். அதைக் கட்டிக்கொண்டு வயற் சேற்றில் இறங்க முடியாது, குந்தியிருக்க முடியாது, சம்மணமிட்டு உண்ண முடியாது. அதிகம் படிக்காத அக்கைவினைஞரின் கையறிவும் மருத்துவரின் படிப்பும் கலந்து, இறப்பரும் மரமும் கொண்டு, வெறுங்காலால் நடக்கிற ஏழைக்குரிய வெறும்பாதம் ஒன்று பிறந்தது. 1985 இல் கொழும்பிலும், 1987 இல் யாழ்ப்பாணத்திலும் அப்பாதத்தைச் செய்யும் நிலையங்கள் தோன்றின. தேயிலைச் சரிவிலே கூடை சுமந்து ஏறுகிற ஒருத்திக்கு எத்தகைய பாதம் வேண்டும், மழை நாளில் அது வழுக்குமா, கூடையின் பாரம் எந்தப் பக்கம் சாயும்—இவற்றை ஆராயும் படம் ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை. கண்ணீர் அதில் குறைவாக இருக்கும் என்பதாலோ என்னவோ!

ஈரானிய இயக்குநர் மொஹ்சன் மக்மல்பாஃப் 2001 இல் எடுத்த 'கந்தஹார்' படத்தில் ஒரு காட்சி உண்டு. ஆப்கானியப் பாலைவனத்தில் வானத்திலிருந்து பாரசூட்டுகளிலே பொய்க்கால்கள் மிதந்து இறங்குகின்றன. ஊன்றுகோல் ஊன்றிய மனிதர்கள் அவற்றைப் பிடிக்க மணலில் விழுந்தடித்து ஓடுகிறார்கள். பார்த்தவர் மறக்க முடியாத காட்சி. உலகத்தின் தருமத்தையே எள்ளி நகையாடும் காட்சி என்று நாம் அதைக் கொள்கிறோம். ஏனென்றால் கால்கள் வானத்திலிருந்து வருவதில்லை. அதே நாட்டின் தலைநகரான காபூலில், 1990 தொடக்கம் இத்தாலியரான அல்பேர்ட்டோ கைரோ பணிபுரிந்த செஞ்சிலுவைச் சங்க நிலையத்தில், கால் செய்கிறவர்கள் பெரும்பாலும் தாமே கால் இழந்தவர்கள். நோயாளியாக வந்தவனைத் தொழிலாளியாக்கிச் சம்பளம் கொடுத்தார்கள். கொடுப்பவன் கை மேலும் வாங்குபவன் கை கீழுமாக இருக்கும் ஏற்பாடு அங்கே குலைந்தது.

திரைப்படம் மாத்திரம் ஒருவனைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவோர் ஹரோல்ட் ரஸலின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்க இராணுவத்தில் பயிற்றுநராக இருந்த அவர், 1944 ஜூனில், பயிற்சியின்போது வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்தார். கைகளின் இடத்தில் இரும்புக் கொக்கிகள். அங்கவீனமுற்ற படையினரின் புனர்வாழ்வுக்காக இராணுவம் எடுத்த சிறு படமொன்றில் அவர் தோன்றினார். அதைக் கண்ட வில்லியம் வைலர், 1946 இல் தாம் எடுத்த 'த பெஸ்ட் இயர்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்' படத்தில், கைகளை இழந்து ஊர் திரும்பும் கடற்படை வீரனாக அவரையே நடிக்கவைத்தார். படம் நல்ல படம்; அதைப் பழிக்க நாம் வரவில்லை. கொக்கிகளால் தீக்குச்சி பற்றவைக்கும் அவர் கைகளைக் கமெரா கூச்சமின்றி, இரக்கமும் இன்றி, சாதாரணமாகப் பார்த்தது. அந்த ஒரே வேடத்துக்காக அவருக்கு இரண்டு ஒஸ்கார் சிலைகள் கிடைத்தன. ஒன்று துணை நடிகருக்குரியது. மற்றையது தம்மைப்போன்ற படையினருக்கு நம்பிக்கை ஊட்டியதற்கானது.

நம்பிக்கை ஊட்டிய மனிதரின் பிற்காலம் என்ன? 1992 இல், மனைவியின் வைத்தியச் செலவுக்கென்று கூறி, அவர் அச்சிலைகளில் ஒன்றை ஏலத்தில் விற்றார். 60,500 டொலர் கிடைத்தது. உலகின் பெருஞ்செல்வ நாட்டில், அரை நூற்றாண்டுக் காலம் நாடு முழுவதும் அறிந்த முகத்துக்கு நேர்ந்தது இது. அவருக்காகவேனும் ஏலம் கேட்கச் சிலை ஒன்று இருந்தது. நம் மண்டபத்துக்கு வந்த கிளிநொச்சி இளைஞர் எதை விற்பார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படம் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1944 இல், போரிலிருந்து திரும்புவோரின் படிப்புக்கும் வீட்டுக்கும் வகைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா நிறைவேற்றியிருந்தது. கறுப்பின வீரர்களுக்கு அதன் பயன் சரியாகக் கிட்டவில்லை என்ற களங்கம் அச்சட்டத்துக்கு உண்டு. எனினும் அங்கே படம் சட்டத்துக்குப் பின்னால் வந்தது. நம் நாட்டில் படமே சட்டத்தின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டது.

சட்டம் இல்லாமலில்லை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பேசுகிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிச் சென்றுவர வேண்டும் என்ற பிரமாணங்கள் 2006 இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, 2011 இல் அப்பிரமாணங்களை நடைமுறைப்படுத்தும் கட்டளையைப் பெற்றார். 2016 இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலுமானோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோவொரு வகையில் இயலாமையுடையோர் என்று கூறிற்று. இதற்கிடையில் பெயர்களும் மாறின. 'முடவர்' என்றது நாகரிகமில்லையென்று 'அங்கவீனர்' என்றோம். அதுவும் புண்படுத்துமென்று 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். படிகள் மட்டும் ஐந்தாகவே இருக்கின்றன.

யுத்த காலத்திலே இந்த உடல்களுக்கு வேறு விதமான கமெராக்கள் இருந்தன என்பதையும் மறைக்கலாகாது. விடுதலைப் புலிகளின் 'நிதர்சனம்' வெளியிட்ட ஒளிநாடாக்கள் கடல் கடந்து போயின. அங்கே காயமுற்றவன் மாவீரத்தின் வாசலில் நிற்பவனாகக் காட்டப்பட்டான். தெற்கின் தொலைக்காட்சியிலும் காலிழந்த சிப்பாய் 'ரணவிரு' ஆனான். அவனைப் பற்றிப் பாட்டுக்கள் பிறந்தன. யுத்தம் முடிந்தது. வடக்கின் வீரன் பரிதாபத்துக்குரியவனானான். அவனுக்கு இராணுவ ஓய்வூதியம் ஏது? தெற்கின் வீரனோ, 2018 இல், ஓய்வூதியக் குறை தீர்க்கும்படி கொழும்புக் கோட்டையில் சத்தியாக்கிரகம் இருந்தான். அவனைப் பாடிய பாடகர்கள் அன்று எங்கே போயிருந்தனர் என்று நமக்குத் தெரியாது. ஒரே உடல்தான். அதை வீரமாகக் காட்டியபோதும் பணம் சேர்ந்தது. பரிதாபமாகக் காட்டியபோதும் பணம் சேர்கிறது. மனிதனாகக் காட்ட மட்டும் முதலீட்டாளர் கிடைப்பதில்லை.

தமிழ்த் திரைப்பட உலகை இங்கே நீட்டிப் பேச வேண்டியதில்லை. 'ரத்தக்கண்ணீர்' (1954) நோயையும் குருட்டையும் பாவத்தின் சம்பளமாக்கியது. 'பாகப்பிரிவினை' (1959) நல்லவனின் முடங்கிய கையைக் கடைசியில் குணமாக்கித்தான் நமக்கு நிம்மதி தந்தது. தண்டனை அல்லது அற்புதம். இரண்டுக்கும் நடுவே ஒருவன் அப்படியே வாழ்ந்துவிட்டுப் போக இடமில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. 'பராசக்தி' (1952) என்றதும் நீதிமன்ற வசனம்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால் அதிலே பர்மா யுத்தத்தில் காலை இழந்து திரும்பும் அண்ணன் ஞானசேகரனை நினைத்துப் பாருங்கள். அவன் பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். சேர்ந்து, அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டுகிறான். எழுபதாண்டுக்கு முன் ஒரு வணிகப் படத்துக்குத் தோன்றிய எண்ணம், இன்றைய நமது தரும ஸ்தாபனங்களின் பத்து நிமிடப் படங்களுக்குத் தோன்றவில்லை. மலையகத்தில் தொழிற்சங்கவாதி வீ. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று' எடுத்தபோது, தோட்டத் தொழிலாளியைப் பிறர் இரக்கத்துக்காக நிறுத்தவில்லை. அவனையே கதைக்கு உரியவனாக்கினார். கலையழகில் அப்படம் எவ்வளவு தேறியது என்பது வேறு வாதம்.

இனி, நாம் இவ்வளவு நேரம் சொல்லிவந்ததற்கு நேர் எதிரான ஒரு படத்தைப் பார்ப்போம். பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர' அது. வறண்ட பிரதேசத்துக் கிராமமொன்றிலே கண்பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி. ஜோ அபேவிக்கிரம அப்பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார். படையிலிருந்த மகனின் பெட்டி முத்திரையிடப்பட்டு வீடு வருகிறது. திறந்து பார்க்க அனுமதியில்லை. அடக்கம் நடக்கிறது. இழப்பீடாக ஓர் இலட்சம் ரூபாய் தருவோம், இப்பத்திரத்தில் கையொப்பமிடு என்கிறார்கள். வீடு பாதியில் நிற்கிறது, கடன் இருக்கிறது, மகளின் திருமணம் இருக்கிறது, ஊரே வற்புறுத்துகிறது. கிழவர் இடமாட்டேன் என்கிறார். தம் மகன் இறந்தான் என்பதை நம்ப மறுத்து, கடைசியில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைகுழியையே தோண்டுகிறார். பெட்டிக்குள் மகனின் உடல் இல்லை.

இப்படத்தில் ஓர் அங்கவீனர் இருக்கிறார், யுத்தம் இருக்கிறது, ஏழ்மை இருக்கிறது, நிவாரணப் பணமும் இருக்கிறது. தருமப் படத்துக்குரிய சரக்கு அத்தனையும் உண்டு. ஆனால் அவர் யாரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை. கொடுக்க வந்ததையும் மறுத்தார். கண்ணில்லாத அவர் கேட்டது உண்மையை. அதனால்தான் 2000 ஆம் ஆண்டில் அரசாங்கம் இப்படம் திரையிடப்படாமல் தடுத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரே அது மக்களிடம் வந்தது. பொய்க்கால் பொருத்தும் படம் எதையாவது எந்த அரசாங்கமாவது தடை செய்ததுண்டா? அமைச்சர்கள் அவற்றின் வெளியீட்டு விழாவுக்கு மாலையோடு வருகிறார்கள். ஒரு படம் யாருக்கு இன்பமாக இருக்கிறது, யாருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பார்த்தாலே அதன் பக்கம் எதுவென்று மாணவர்கள் கண்டுகொள்ளலாம்.

இப்போது அந்த நியாயமான கேள்விக்கு வருவோம். அடுத்த காலுக்குப் பணம் எங்கிருந்து வரும்? சேருங்கள், நாமும் போடுகிறோம். சட்டம் செயற்படும்வரை காலிழந்தவன் தரையில் தவழட்டும் என்று சொல்லும் புரட்சி நமக்கு வேண்டாம். ஆனால் பணத்துக்கு விலையாக அவன் முகத்தைக் கேட்காதீர்கள். பிரித்தானியாவிலே, தொலைக்காட்சியில் மணிக்கணக்கில் அங்கவீனரைக் காட்டி நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு எதிராக 1990 இலும் 1992 இலும் நூற்றுக்கணக்கான அங்கவீனர் தாமே தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் மறியல் செய்தனர். இங்கே அச்சிடக் கூச்சமான ஒரு சுலோகத்தை மார்பில் எழுதி, இரக்கத்தை இகழ்ந்தனர். 1992 க்குப் பின் அந்நிகழ்ச்சி நடக்கவில்லை. நன்றி கெட்டவர்கள் என்று அன்று அவர்களைத் திட்டியோர் பலர். பிச்சை வாங்குபவனிடம் நன்றியையும் வட்டியாக எதிர்பார்க்கும் குணம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

படத்தில் தோன்றுபவர் நடிகரைப்போல ஊதியம் பெறட்டும். வெட்டி ஒட்டிய படத்தை ஊருக்குக் காட்டுமுன் அவருக்குக் காட்டுங்கள்; வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். அவர் மூன்றாண்டுக்குப் பின் எப்படி இருக்கிறார் என்பதையும் அதே மண்டபத்தில், அதே சபைக்கு, வரவு செலவுக் கணக்கோடு காட்டுங்கள். கமெராவைப் பிடிக்கவும், கதையைத் தெரிவுசெய்யவும் அவர்களிலேயே ஆற்றலுள்ளோர் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். அப்போது முதற் காட்சியில் துண்டுக்காலும் புல்லாங்குழலும் வருமா, அல்லது பஸ் நடத்துநர் நிறுத்தாமல் போவது வருமா என்று பார்ப்போம்.

நமது மண்டபத்தின் படிகளை மாணவர்கள் அளந்தார்கள். மொத்த உயரம் இரண்டரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கிட்டால் முப்பதடிச் சாய்தளம் வேண்டும். பக்கச் சுவரோரமாக அதற்கு இடமும் உண்டு. அந்தப் பத்தாம் வகுப்பு மாணவி வரைந்த படத்தோடு, தமிழிலும் சிங்களத்திலுமாக மனு எழுதி, பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த படக்காட்சி மண்டபத்தில் நடைபெறாது. கீழே, படியில்லாத வலைப்பந்துத் திடலில், இரு கம்பங்களுக்கிடையே வெள்ளை வேட்டி கட்டி, 'புரஹந்த களுவர'வைத் திரையிட எண்ணியிருக்கிறோம். சிங்கள மொழிமூல ஆசிரிய நண்பரொருவர் இடையிடையே தமிழில் விளக்கம் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசலில் உண்டியல் இராது. மனு இருக்கும், பேனையும் இருக்கும்.